குரல் உள்ளேதான் இருக்கிறது

இலங்கையின் ஊவாப் பக்கம், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, எழவு, கருமாதி, காமன் கூத்து என்று எல்லாமே டிவிடியில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் வீடியோ கசெட், அதற்குப் பின்னால் கைத்தொலைபேசி. நடுவில் பத்துப் பதினைந்து வருஷம் அந்தத் தட்டுதான் எங்கள் லயங்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பதிவேடு. ரோபேரி, பட்டாவத்தைப் பக்கத்து வீடுகளில் இப்போதும் அவை இருக்கின்றன. அலுமாரி மேல்தட்டில் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கும். இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். எடுத்துப் போட்டுப் பார்த்தவர்கள் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "படம் ஓடுது தம்பி. பேச்சுதான் வரமாட்டேங்குது."

சொல்லும்போது அவர்களுக்குப் பெரிய வருத்தம்கூட இருக்காது. பழசாகிப் போச்சு, சத்தம் செத்துப் போச்சு என்று தாங்களே முடிவுகட்டி, படத்தையாவது போட்டோவாக எடுத்துத் தரச்சொல்லித்தான் வருவார்கள். எனக்கு அங்கேதான் மனம் பொறுக்காது. டிவிடியில் சத்தம் மட்டும் தனியாகச் சாவதில்லை. படமும் சத்தமும் ஒரே கோப்புக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாக அடுத்தடுத்துக் கிடக்கின்றன. படத்தை லேசர் வாசிக்கிறது என்றால் பக்கத்தில் கிடக்கும் சத்தத்தையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சத்தம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று டிவிடி பெட்டிக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் வேறு வழியாக அனுப்பிவிடுகிறது. குரல் உள்ளேதான் இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது நீலகிரிக் கூடலூரிலிருந்து வந்த ஒரு தட்டு. தாத்தாவின் தங்கை குடும்பம் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான ஒப்பந்தம் அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஆட்களைப் பங்குபோட்டார்கள். அந்தப் பங்கில் அண்ணன் இங்கே நின்றார், தங்கை அங்கே போனார். பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கு நடுவிலேயே இறங்கினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்கள், இன்றைக்கு டான்டீ என்கிறார்களே, அதில்தான் பெயர் பதிந்தார்கள்.

தாத்தாவுக்கு எழுத வராது. தங்கைக்கு வாசிக்க வராது. அதனால் தாத்தா கசெட்டில் பேசி அனுப்புவார். திருச்சிக்குப் போகிற ஆள் யாராவது அகப்பட்டால் அவர் கையில் கொடுத்துவிடுவார். எந்த மலையில் இப்போது கொழுந்து, யார் வீட்டுப் பிள்ளை எந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது, கோயில் திருவிழாவுக்கு யார் தலைக்கட்டு வரி கொடுக்கவில்லை என்று ஒன்று விடாமல் சொல்வார். தாத்தா செத்த பிறகு, கூடலூர்ப் பாட்டியின் மகன் அந்தக் கசெட் ஒன்றைக் கம்பியூட்டர் கடையில் ஏற்றி, இரண்டு பக்கத்துப் பழைய போட்டோக்களையும் சேர்த்து ஒரு டிவிடி ஆக்கினார். திவசத்துக்கு எங்களுக்கு ஒன்று வந்து சேர்ந்தது.

அவர்கள் வீட்டுப் பெட்டியில் அது நன்றாகத்தான் பேசியிருக்கிறது. எங்கள் பெட்டியில் தாத்தாவின் குரல் மெலிந்து, உயர்ந்து, ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் பேசுவதுபோல அவசரமாக வந்தது. தாத்தாவோடு வாழ்ந்த அம்மாயி கொஞ்ச நேரம் கேட்டார். "இது அவரு கொரலு இல்லடா. யாரோ எளந்தாரிப் பய பேசுறான்" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தக் குரலுக்கு என்ன ஆனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் ஆட்களுக்கும் டீவிக்கும் உள்ள உறவு கரண்டுக்கு முந்தியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. அப்போது மலையக லயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரண்ட் வரவில்லை. கார் பெட்டரியில்தான் டீவி ஓடும். பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிவர வேண்டும், மடுல்சீமையில் மேடு இறங்கி ஏறுவது என்றால் சும்மா இல்லை. பெட்டரி இறங்க இறங்க கறுப்பு வெள்ளைப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். சத்தம் மட்டும் நின்றுவிடாது. கடைசியில் உள்ளங்கை அளவு வெளிச்சத்துக்குள் ஆட்கள் அசைய, வசனம் முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். அந்தக் காலத்தில் முதலில் போனது படம், கடைசிவரை நின்றது குரல். டிவிடி வந்தபோது இது அப்படியே தலைகீழாகிவிட்டது.

ஏன் தலைகீழானது என்பதைத் தெரிந்துகொள்ளத் தோட்டத்தை விட்டுக் கொஞ்ச தூரம் போக வேண்டும். 1996 நவம்பரில் ஜப்பானில் முதல் டிவிடி பெட்டி விற்பனைக்கு வந்தபோதே, தட்டில் சத்தம் எந்த வடிவங்களில் இருக்கலாம் என்று வரையறுத்துவிட்டார்கள். சுருக்காத பிசிஎம் ஒன்று. டொல்பி நிறுவனத்தின் ஏசி-3 இன்னொன்று. ஐரோப்பியர்கள் வற்புறுத்திய எம்பி2 மூன்றாவது. டிடிஎஸ் என்பது இருந்தாலும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் இல்லை. நாம் பாட்டுக் கேட்கிற எம்பி3க்கு அந்த விதியில் இடமே கிடையாது. எந்த வடிவமானாலும் ஒரு விநாடிக்கு 48,000 மாதிரி எடுத்த சத்தமாக இருக்க வேண்டும், பிசிஎம்மில் மட்டும் அதன் இரண்டு மடங்கும் செல்லும்.

எம்பி2இல்தான் உலகம் இரண்டாகப் பிரிந்தது. இலங்கை, இந்தியா, ஐரோப்பா போன்ற, பால் என்ற டீவி முறை நாடுகளுக்கான பெட்டிகள் எம்பி2ஐப் பாட வேண்டும் என்பது விதி. அமெரிக்கா, ஜப்பான் போன்ற என்டிஎஸ்சி நாடுகளின் பெட்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதலில் பால் நாட்டுத் தட்டுகளில் எம்பி2 உள்ளிட்ட எம்பெக் சத்தமோ பிசிஎம்மோ கட்டாயம் இருக்க வேண்டும் என்றிருந்தது. 1997 டிசம்பரில் அதைத் தளர்த்தி, ஏசி-3 மட்டும் இருந்தாலும் போதும் என்றார்கள். அன்றோடு சினிமாத் தட்டுகள் எல்லாம் ஏசி-3 பக்கம் போய்விட்டன. பெட்டி செய்கிறவர்களும் ஏசி-3 ஒழுங்காகப் பாடுகிறதா என்றுதான் பார்த்தார்கள். எம்பி2 கவனிப்பாரற்றுப் போனது.

ஆனால் வீட்டிலும் சின்னக் கடைகளிலும் டிவிடி செய்தவர்களுக்கு எம்பி2தான் கைக்கு எட்டியது. ஏசி-3யில் எழுதும் மென்பொருள் விற்க வேண்டுமானால் டொல்பிக்கு உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்தது, அதன் காப்புரிமைகள் 2017 வரை உயிரோடு இருந்தன. மலிவான மென்பொருள்களும் இலவச மென்பொருள்களும் அந்தச் செலவைத் தவிர்க்கச் சத்தத்தை எம்பி2ஆக எழுதின, அல்லது ஏசி-3யைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்லின. கூடவே பல மென்பொருள்களில் முதலில் தெரிவாகி நிற்பது என்டிஎஸ்சி. அதை மாற்றாமல் விட்டால், என்டிஎஸ்சி படத்தோடு எம்பி2 சத்தம் மட்டும் உள்ள தட்டு வரும். விதிப்படி அப்படி ஒரு தட்டு இருக்கவே கூடாது. சில பெட்டிகள் பெருந்தன்மையாகப் பாடிவிடும். சில பெட்டிகள் படத்தைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எங்கோ சான்பிரான்சிஸ்கோவில் எழுதிய ஓர் உரிம விதி, எங்கள் லயத்தில் ஒரு பொண்ணின் தாலி கட்டு மேளத்தை நிறுத்தியிருக்கிறது. அந்தப் பொண்ணுக்கோ, வீடியோ எடுத்த பையனுக்கோ அந்த விதி இருப்பதே தெரிந்திருக்காது.

இந்த வகைக்கு வைத்தியம் இலகு. தட்டைக் கம்பியூட்டரில் போட்டால் வீடியோடிஎஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும், அதற்குள் விஓபி கோப்புகள். விஎல்சியில் திறந்தால் பெரும்பாலும் உடனே பேசிவிடும். விஎல்சி பாடுகிறது, பெட்டி பாடவில்லை என்றால் தட்டில் குறையில்லை என்று பொருள். பிறகு மீடியாஇன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் கோப்பைக் காட்டினால் சத்தத்தின் வடிவம், மாதிரி வேகம், எத்தனை தடம் என்று மூன்றையும் சொல்லும். நோய் அந்த மூன்றுக்குள்தான் இருக்கும். படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் எடுத்து, 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி-3 ஆக மாற்றி, திரும்பச் சேர்த்து எரித்தால் எந்தப் பெட்டியும் பாடும். பிசிஎம்மாகவே விடலாமே என்று கேட்பார்கள். விடலாம், ஆனால் இரண்டு மணி நேரச் சத்தமே ஏறத்தாழ 1.4 ஜிபி பிடிக்கும். 4.7 ஜிபி தட்டில் அது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. படம் கட்டம் கட்டமாக உடையும். ஏசி-3யில் 192 கிலோபிட் வைத்தால் அதே இரண்டு மணி நேரம் 175 எம்பிக்குள் அடங்கிவிடும்.

எல்லாமே இப்படி எண்ணில் அகப்படுவதில்லை. காமன் கூத்துத் தட்டு அப்படித்தான் என்னை அலைக்கழித்தது.

எங்கள் பக்கம் மாசி மாசம் அமாவாசை கழிந்து காமன் ஊன்றினால் பௌர்ணமிக்குக் காமன் எரிகிற வரைக்கும் ராத்திரிகளுக்குத் தூக்கம் கிடையாது. மதன், ரதி, தூதுவன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொரு வேஷமாக இறங்கும். ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். மதன் எரிந்த பிறகு அந்த ரதி அழுது பாடும்போது, நாள் முழுக்க மலையில் நின்ற பொம்பளைகள் கால் கடுக்க நின்று அழுவார்கள். அவரவர் வீட்டுச் சாவெல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்து சேரும். அப்படி ஒரு கூத்தைத் தோட்டத்துப் பொடியன்கள் காசு சேர்த்து வீடியோ எடுக்க வைத்திருந்தார்கள். தட்டு வந்தது. போட்டுப் பார்த்தால் ரதி வாயைத் திறக்கிறார், தப்பு அடிக்கிறவர் தோள் குலுங்குகிறது, சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நடுநடுவே பெயர் எழுத்து வரும் இடங்களில் வீடியோக்காரர் சேர்த்திருந்த நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் கணீரென்று கேட்டன. அதனால் எல்லாரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: அன்றைக்கு மைக் வேலை செய்யவில்லை.

எனக்கு அது சரியாகப் படவில்லை. மைக் வேலை செய்யாவிட்டால் கமராக்காரர் காதில் போட்டிருந்த ஹெட்போனில் அப்போதே தெரிந்திருக்குமே. தட்டு இருந்த வீட்டுக்கே போனேன். பழைய டீவி, பின்னால் சத்தத்துக்கு ஒரே ஓட்டை, வெள்ளை. பெட்டியிலிருந்து வருவதோ சிவப்பும் வெள்ளையும் இரண்டு கம்பி. இரண்டையும் ஒன்றாக்கும் ஒரு சின்ன இணைப்பை வைத்து அந்த ஒரே ஓட்டையில் சொருகியிருந்தார்கள். கூத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் சிவப்பை மட்டும் உருவினேன். ரதியின் குரல் அறை முழுக்க எழுந்தது. வெளியே பீலியடியில் குடம் வைத்திருந்த பொம்பளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கார அக்கா, "எடுத்தா வருது, சொருகுனா போயிருது. இது என்னாடா அதிசயம்?" என்று கேட்டார். சிவப்பைத் திரும்பச் சொருகினேன். குரல் அடங்கிப் போனது. மறுபடி உருவினேன், வந்தது.

அதிசயம் இல்லை. ஸ்பீக்கர் செட்காரரின் மிக்சரிலிருந்து கமராவுக்கு ஒரு கம்பி கொடுத்திருக்கிறார்கள். மூன்று முள் உள்ள அந்த வகைக் கம்பியில் ஒரு முள் வழியாகக் குரலின் அலை போகும், இன்னொரு முள் வழியாக அதே அலை தலைகீழாகப் போகும், மூன்றாவது எர்த். இரைச்சல் ஏறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கமராவின் சின்ன ஓட்டையோ இடது வலது என்று இரண்டு தடம் எதிர்பார்ப்பது. நேரான அலை இடதில் ஏறிவிட்டது, தலைகீழ் அலை வலதில் ஏறிவிட்டது. இரண்டு ஸ்பீக்கர் உள்ள டீவியில் போட்டால் குரல் ஏதோ கூரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தாலும் கேட்கும். ஹெட்போனிலும் கேட்கும். இரண்டையும் ஒரே ஓட்டையில் சேர்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றை ஒன்று நிரவிவிடும், மிஞ்சுவது பூச்சியம். நாதஸ்வரம் பிற்பாடு கம்பியூட்டரில் ஏற்றியது, இரண்டு தடத்திலும் நேராக இருந்தது, அதனால் தப்பித்தது. கோப்பை ஆடாசிட்டியில் திறந்து ஒரு தடத்தை மட்டும் தலைகீழாக்கினேன். அதோடு சரி. அந்த வருஷத்துக் கூத்து முழுசாகத் திரும்பியது. மைக்கைப் பழித்துக்கொண்டே அந்தத் தட்டைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்த வீடுகளும் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதே மாதிரிக் குரல் மட்டும் மறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில பெட்டிகளின் அமைப்பில் ஆறு ஸ்பீக்கர் என்று தெரிவாகியிருக்கும். வீட்டில் இருப்பதோ இரண்டு. ஆறு தடத்தில் எழுதிய தட்டு என்றால் பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போய்விடும், அங்கே ஸ்பீக்கரே இல்லை. மேளம் கேட்கும், மந்திரம் கேட்காது. ரிமோட்டில் செட்அப் போய் ஸ்டீரியோ என்று மாற்றினால் தீர்ந்தது. எச்டிஎம்ஐ கம்பியில் புது டீவிக்குக் கொடுத்தவர்கள் அதே செட்அப்பில் ரோ என்பதைப் பிசிஎம் என்று மாற்றிப் பார்க்க வேண்டும்.

கூடலூர்த் தட்டுக்கு இந்த எதுவும் பொருந்தவில்லை. அதில் குரல் வந்தது, ஆனால் ஆள் மாறிப்போயிருந்தார். அம்மாயி சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குள் கிடந்தது. அவருக்கு மாதிரி வேகமும் தெரியாது, வடிவமும் தெரியாது. நாற்பது ஐம்பது வருஷம் ஒரே அறையில் கேட்ட குரல் எது என்று மட்டும் தெரியும். அந்தச் சாட்சியத்தை விடப் பெரிய துப்பு எனக்கு எங்கே கிடைக்கும்?

தட்டை மறுபடி முழுசாகப் பார்த்தேன். தாத்தாவின் பேச்சு முடிந்த பிறகும் போட்டோக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசிப் போட்டோவுக்கு வெகு முன்னாலேயே குரல் தீர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. மீடியாஇன்ஃபோவில் காட்டியபோது சத்தம் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று வந்தது. அது சீடிக்கும் விசிடிக்கும் உரிய வேகம். கூடலூர்க் கடையில் முதலில் விசிடியாகச் செய்து, பிறகு அந்தச் சத்தத்தை அப்படியே தூக்கி டிவிடிக்குள் வைத்திருக்கிறார்கள். டிவிடி பெட்டி 48ஐ எதிர்பார்ப்பது. கோப்பின் தலைப்பைப் படித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பெட்டியில் சரியாகப் பாடும், கூடலூர் வீட்டில் இருந்தது அந்த ரகம். தலைப்பைப் பார்க்காமல் எல்லாவற்றையும் 48ஆகவே உருட்டும் பெட்டியில் நூற்றுக்கு ஒன்பது பங்கு போல வேகம் கூடும். ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிஷத்தில் முடிந்துவிடும். குரல் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்துவிடும். எழுபது வயதுக் கிழவர் இளந்தாரி ஆவதற்கு அது போதும்.

44.1ஐ முறையாக 48க்கு மாற்றிப் புதுத் தட்டு எரித்தேன். குரலும் போட்டோவும் ஒன்றாக முடிந்தன. அம்மாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கேட்டார். "ஆமா, அவருதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னும் ஒரு பொடி அவசரமாப் பேசுறாரே. அவரு இழுத்து இழுத்துல்ல பேசுவாரு" என்றார். அதுவும் உண்மைதான். பழைய கசெட் பெட்டிகளின் மோட்டார் ஒன்று போல் ஓடாது, எடுத்த பெட்டியும் போட்ட பெட்டியும் வேகத்தில் நூற்றுக்கு ஒன்று இரண்டு வித்தியாசப்படும். அதை எந்தக் கோப்புத் தலைப்பும் சொல்லாது. நான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில், "அங்க நிப்பாட்டு" என்றார். எங்கள் வீட்டுக் கோப்பு இன்றைக்கும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. தாத்தா தன் தங்கையிடம் தலைக்கட்டு வரி கொடுக்காதவர் பெயரை இழுத்து இழுத்துச் சொல்கிறார்.

இப்படித் தட்டுகளைத் திறக்கத் திறக்க எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. எங்கள் ஆட்களின் சரித்திரத்தில் போட்டோவைவிடக் குரல் அரிது, அதற்காகவே அதை முதலில் காப்பாற்ற வேண்டும். வெள்ளைக்காரன் எடுத்த போட்டோக்களில் கூடை சுமந்த எங்கள் பொம்பளைகள் நிறையப் பேர் நிற்கிறார்கள், பெயர் இல்லை, பேச்சு இல்லை. மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வந்தது. அவர் மட்டும் அலைந்து சேர்க்காவிட்டால் அந்த வரிகளில் பலவும் மண்ணோடு போயிருக்கும். ஆனால் புத்தகத்தில் வரிதான் நிற்கும். தாலாட்டை எந்த இடத்தில் இழுத்தார்கள், ஒப்பாரியில் எங்கே மூச்சு விட்டார்கள், கும்மியில் எந்தச் சொல்லில் கை விழுந்தது என்பதெல்லாம் எழுத்தில் வராது. லயத்துப் பையன்கள் கைமாற்று வாங்கி எடுத்த கல்யாண வீடியோவில், மூலையில் நின்று நலுங்குப் பாடும் கிழவியின் குரலில் அது இருக்கிறது. எழவு வீட்டு வீடியோவில் மாரடித்து அழுகிறவர்களிடம் இருக்கிறது. வீடியோக்காரர்கள் எழவை எடுப்பதைச் சிலர் குறையாகப் பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் கண்டவரை, ஊவாவில் ஒப்பாரி முழு நீளத்துக்குப் பதிவான இடம் அதுதான்.

அந்தத் தட்டுகளுக்கு நாள் நிறைய இல்லை. வீட்டில் எரித்த டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாய அடுக்கில், கடையில் விற்கும் சினிமாத் தட்டில்போல் அச்சடித்த பள்ளத்தில் இல்லை. அந்தச் சாயம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மங்கும். மலிவுத் தட்டுகள் சீக்கிரம் மங்கும். எங்கள் பக்கம் ஆடி, ஆவணி, புரட்டாசியில் கச்சான் காற்று வீசும், தேயிலைக்கு நல்ல மணம் வருவதும் அந்தக் காற்றில்தான். ஒக்டோபரில் மழை இறங்கினால் தை வரைக்கும் லயத்துச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். ஒட்டுக்காகிதம் ஒட்டிய தட்டுகளில் பூஞ்சணம் ஏறுவது அப்போதுதான். அந்த மழையில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. போன உயிர்களுக்கு முன்னால் வேறெதையும் பேச வாய் வராது. ஆனாலும் ஒரு லயம் மண்ணுக்குள் போகும்போது அதன் கல்யாணங்களும் திருவிழாக்களும் கூடவே போகின்றன என்பதை அன்றிலிருந்து என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே தட்டு கையில் வந்தால் நான் முதலில் செய்வது பழுது பார்ப்பதல்ல, முழுத் தட்டையும் அப்படியே ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக இறக்குவது. பெட்டி வாசிக்காத தட்டை வேறொரு டிரைவ் வாசிக்கும். ஒரு டிரைவ் திணறினால் இன்னொன்றில் பார்க்க வேண்டும், பழைய மேசைக் கம்பியூட்டர் டிரைவ்களை இதற்காகவே வீசாமல் வைத்திருக்கிறேன். தட்டை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தில் தொடர்ந்து கெடுக்கும், நேராக விழுந்தால் தட்டின் பிழை திருத்தும் சங்கேதம் சமாளித்துவிடும். இறக்கிய பிறகு சத்தத்தைத் தனியாகச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாக எடுத்து வைக்கிறேன். நாளைக்கு டிவிடியும் இருக்காது, ஏசி-3யும் இருக்காது, அந்தக் கோப்பு திறக்கும். பாடுகிறவர் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம், பக்கத்தில் தப்பு அடிப்பது யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வைப்பதுபோல், நம் பக்கத்துக் குரல்களுக்கும் இடம் வேண்டும். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் எழவு வீட்டுக் குரலை வெளியே கொடுப்பதில்லை என்பதில் மட்டும் நான் கண்டிப்பு.

அந்தக் காமன் கூத்தில் ரதி கட்டியவர் இப்போது கொழும்பில், புறக்கோட்டைக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வந்தபோது கூப்பிட்டு, சீராக்கிய சத்தத்தை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தபடியே கேட்டார். மதன் எரிந்த பிறகு வரும் அழுகைப் பாட்டில் ஓர் இடத்தில் சட்டென்று கண்ணைத் திறந்து, "இங்க நாலு அடி விட்டுப் போச்சுண்ணே" என்றார். திரும்பப் போட்டுப் பார்த்தோம். கமராவில் கசெட் மாற்றிய இடம் அது. அந்த நாலு அடி எந்தத் தட்டிலும் இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அங்கேயே பாடிக் கொடுத்தார். அவர் அதைத் தன் மாமாவிடம் படித்தாராம், மாமா வேறு இழுப்பில் பாடுவாராம். அதையும் ஒரு முறை பாடிக் காட்டினார். பழைய பதிவில் ஒட்டச் சொல்லிப் பொடியன்கள் கேட்டார்கள். நான் ஒட்டவில்லை. வெட்டு விழுந்த இடம் வெட்டாகவே இருக்கிறது. அவர் பாடிய இரண்டும் பக்கத்தில் தனித்தனிக் கோப்பாக, அவர் பெயரோடும் மாமா பெயரோடும் இருக்கின்றன.